ஆற்றோடு நடந்து போட்ட கணக்கு

2011 தை மாதம் எங்கள் வேளாண்மை, அதாவது நெற்பயிர், கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவத்தில் நின்றது. மூன்று ஏக்கர். சித்தாண்டிக்கு மேற்கே, ஆறு பெருகினால் முதலில் மூழ்கும் வட்டை, அதாவது வயல்வெளி. மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கிய அன்றே அப்பா வயலுக்கு இறங்கும் வீதியோர மதகடியில் ஒரு கம்பை ஊன்றியிருந்தார். காலையும் மாலையும் போய், தண்ணீர் நிற்கும் இடத்தில் கத்தியால் ஒரு கீறு போட்டுவிட்டு வருவார். பதினோராம் நாள் கம்பின் அடி தெரிந்தபோது பயிர் கறுத்துப் போயிருந்தது. பிடித்து இழுத்தால் வேரோடு வழுக்கிக்கொண்டு கையில் வந்தது. அந்தக் கம்பு இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூரை இறப்பில் செருகியிருக்கிறது.

அந்த வெள்ளத்தில் இலங்கை முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. கிரானில் இருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகும் வீதி மூழ்கி, சனங்கள் தோணியில் போய்வந்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் ‘மேலே அணை கட்டினால் வெள்ளம் நிற்கும்’ என்று யாராவது சொன்னால் முதலில் கை தூக்குகிறவன் நானாகத்தான் இருந்தேன்.

முந்தனையாற்றுப் படுகையில் உறுகாமக் குளத்தையும் கித்துள் குளத்தையும் ஒன்றாக்கிப் பெரிய நீர்த்தேக்கம் அமைக்கும் யோசனை எங்கள் பக்கம் நெடுங்காலமாகப் பேசப்படுவது. அதைப் பற்றிய ஒரு கூட்டத்துக்கு எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளராக நானும் போனேன். நிறம் தீட்டிய பெரிய படம் ஒன்றை விரித்தார்கள். நீலமாகக் கிடந்தது தண்ணீர், பச்சையாகக் கிடந்தது சிறுபோகம், அதாவது கோடைப் போகம், செய்யப்போகும் வயல். ஆதரவுக் கடிதத்தில் கையொப்பம் வைக்க எனக்கு இரண்டு நிமிடம் கூட எடுக்கவில்லை.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது கரடியனாற்றுப் பக்கத்தில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் பட்டிக்காரர் ஒருவர் கிட்ட வந்தார். அப்பாவுக்குப் பழக்கமானவர், எழுபது வயதிருக்கும்.

“தம்பி, அந்தப் படத்தில நீலமாக் கிடக்கிற இடத்திலதான் மாரிக்கு எங்கட மாடு நிக்கிறது. அத ஒருதரும் கேக்கல்லையே.”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது எனக்குத் தெரியாத விடயமும் இல்லை. மாரிப் போகம் விதைத்ததும் மாடுகளை மேற்கே மேட்டு நிலத்துக்குச் சாய்த்துக்கொண்டு போவதையும், வேளாண்மை வெட்டிய பிறகு அவை திரும்பி எங்கள் வயல்களில் அறுத்த தாள் மேய்வதையும் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். தெரிந்திருந்தும் அது ஒரு கணக்காக என் தலைக்குள் இருக்கவில்லை. அன்றிரவு ஒரு கொப்பி வாங்கினேன். குளத்தில் தொடங்கி முகத்துவாரம் வரைக்கும் ஆற்றோடு போய், தண்ணீர் தொடுகிற எல்லாரிடமும் கேட்டு எழுதுவது என்று முடிவெடுத்தேன். ஏறத்தாழ ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில். அதில் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன். எங்கேயாவது இப்படி ஒரு திட்டத்துக்குக் கருத்துச் சொல்ல உங்களைக் கூப்பிட்டால் உதவும்.

முதலில் மூழ்கும் நிலம். காணிக்கு உறுதிப்பத்திரமோ அனுமதிப்பத்திரமோ உள்ளவரின் பெயர் எப்படியும் பட்டியலில் வந்துவிடும். மேய்ச்சல் தரைக்கு உறுதி இல்லை. விறகுக்கும் தேனுக்கும் போகிற காட்டுக்கும் இல்லை. ஆவணம் இல்லாத பயன்பாடு எல்லாம் கணக்கில் பூச்சியமாகிவிடுகிறது. ஆகவே நான் காணித்துண்டுகளை விட்டுவிட்டு மாதங்களைப் பிடித்தேன். ஐப்பசியில் இந்த இடத்தில் யார் நிற்கிறார், மாசியில் யார், ஆடியில் யார். பன்னிரண்டு மாதத்துக்கும் இப்படிக் கேட்டால், வெறும் பற்றை என்று படத்தில் இருக்கும் இடத்தில் நாலைந்து குடும்பத்தின் பிழைப்பு தெரியவரும். யானையும் அப்படித்தான். அது நிற்கிற இடத்தில் தண்ணீர் வந்தால் அது காணாமல் போவதில்லை, பக்கத்து ஊருக்குள் வரும். அந்த ஊர்காரரின் இரவுக் காவலும், உடையும் வீடும், சாகும் ஆளும் திட்டச் செலவுதான்.

அடுத்தது தண்ணீரின் அளவு. கூட்டத்தில் எல்லாவற்றையும் ஏக்கர் அடியில் சொல்வார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒரு ஏக்கர் அடி. லீற்றரில் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் எங்கள் நிலம் தட்டையானது. குளக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் தண்ணீர் ஆழமாவதை விட அகலமாகப் பரவும். கோடையில் நாளுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 நாளில் 600 மில்லிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட இரண்டடி. 1,000 ஏக்கர் பரப்பில் நிற்கும் குளம் அந்த நாலு மாதத்தில் 2,000 ஏக்கர் அடியை வெயிலுக்கே கொடுத்துவிடும். ஆகவே கொள்ளளவு எவ்வளவு என்பதோடு நிற்க வேண்டாம். நிறைந்த குளத்தின் பரப்பு எவ்வளவு, சராசரி ஆழம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

சரி, இனி வெள்ளம். என் சொந்தப் பிழை இருந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதற்கணக்கில் 2011இன் முழு நட்டத்தையும் ‘அணை வந்தால் வருடா வருடம் மிச்சம்’ என்று எழுதியிருந்தேன். அது தவறு. பத்து வருடத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய வெள்ளம் இரண்டு லட்சம் ரூபாவை அழித்தால், வருடக் கணக்கில் அது 20,000 ரூபா. இன்னும் அரிதான வெள்ளம் என்றால் அதைவிடக் குறைவு. அதோடு, அணைக்கு மேலே பெய்யும் மழையைத்தான் அணை பிடிக்கும். எங்கள் தலைக்கு மேலேயே கொட்டும் மழையை அது ஒன்றும் செய்யாது. தை மாத வெள்ளத்தில் எவ்வளவு மேலிருந்து வந்தது, எவ்வளவு இங்கேயே பெய்து வடிய வழியில்லாமல் நின்றது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்பாவின் கம்பு அப்போது கைகொடுத்தது. கீறுகளைப் பார்த்தால் தண்ணீர் ஏறியது இரண்டே நாளில், இறங்கத்தான் ஒன்பது நாள் எடுத்திருக்கிறது. பயிரைக் கொன்றது அந்த ஒன்பது நாள். அதற்கு மருந்து பாதி மேலே இருக்கிறது, பாதி கீழே வடிச்சல் வாய்க்காலில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குளத்தின் வயிறு ஒன்றுதான். பாசனத்துக்கு அது மாரி முடியும்போது வான் மட்டத்துக்கு, அதாவது மிகைநீர் வழியும் மட்டத்துக்கு, நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் சிறுபோகத்துக்குத் தண்ணீர். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அதே மாரியில் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஒரே இடத்தைப் பாசன நன்மை என்று ஒரு நிரலிலும் வெள்ளத் தடுப்பு நன்மை என்று இன்னொரு நிரலிலும் முழுதாக எழுதினால் ஒரு பொருளை இரண்டு பேருக்கு விற்றதாகிவிடும். நிறைந்த குளத்தின் மேல் பெருமழை வந்தால் வான்கதவைத் திறப்பதைத் தவிர வழியில்லை. அந்தத் தண்ணீர் இரவில் வந்தால் கீழே இருப்பவர் கதி என்ன? ஆகவே நான் இப்போது எந்தக் கூட்டத்திலும் கேட்கும் கேள்விகள் இவை. வெள்ளத்துக்கென்று மட்டும் ஒதுக்கிய இடம் எத்தனை ஏக்கர் அடி? எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை அதைக் காலியாக வைப்பீர்கள்? கதவைத் திறக்கும் முடிவு யாருடையது, எத்தனை மணித்தியாலம் முன்பு எங்களுக்குச் சொல்வீர்கள்? முதற்கேள்விக்கு ஓர் இலக்கம் வராவிட்டால் வெள்ளத் தடுப்பு நன்மையை முழுதாக எழுத விடக்கூடாது.

வயல் நன்மையிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘இன்று இவ்வளவு, திட்டத்துக்குப் பிறகு இவ்வளவு’ என்று பார்க்கக்கூடாது. திட்டம் வராவிட்டாலும் அடுத்த பத்து வருடத்தில் சில மாற்றங்கள் வரத்தான் போகின்றன. வாய்க்கால் திருத்துவார்கள், குறுகிய கால நெல் போடுவோம், கிணற்றில் இருந்து மோட்டாரில் இறைப்போம். திட்டம் உள்ள நாளையையும் திட்டம் இல்லாத நாளையையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இன்னொன்று, சிறுபோகம் செய்தால் அந்த மாதங்களில் மாட்டுக்குத் தாள் இல்லை. மேலே மேய்ச்சல் தரை மூழ்கி, கீழே வயலும் அடைபட்டால் பட்டிக்காரர் வருடம் முழுக்க எங்கே போவார்? நெல் கூடும் நிரலுக்கு எதிரே பாலும் தயிரும் குறையும் நிரலை எழுதிப் பார்த்தபோதுதான் அந்த முதியவர் கேட்ட கேள்வியின் எடை எனக்கு விளங்கியது.

ஆற்றோடு கீழே வந்தால் செங்கலடி, ஏறாவூர்ப் பக்கம். இங்கே மணலும் கிணறும்தான் பேச்சு. ஆறு கொண்டுவரும் மணல் அணையில் தங்கிவிட்டால் ஆற்றுப் படுகை ஆழமாகும், கரை இடியும், கிணற்று மட்டம் இறங்கும். ஏற்கெனவே மணல் அள்ளிக் குழியாகிக் கிடக்கும் இடங்களில் இதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம்.

பிறகு மட்டக்களப்பு வாவி. மாமா, அம்மாவின் தம்பி, பாலமீன்மட்டில் இருக்கிறார். எங்கள் பக்க வெள்ளத்தில் ஒரு பகுதி வாவிக்குள் இறங்கி அந்த முகத்துவாரத்தால்தான் கடலுக்குப் போகிறது. 56 கிலோமீற்றர் அளவு நீண்டு கிடக்கும் வாவிக்கு இங்கேயும் தெற்கே கல்லாற்றிலுமாகக் கடல்வாய்கள். ஒரு விடியற்காலை என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். பாலத்தைத் தாண்டியதும் துடுப்பை நிறுத்தி, தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் அப்படியே செய்தார்.

“என்ன மருமகன், உங்கட கணக்கில இந்த உப்பு எத்தின ரூபா?”

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரத்தால் வாவிக்குள் வந்து, கண்டற் காட்டின் வேரிலும் சாதாழையிலும் ஒதுங்கி வளர்ந்து, பருத்த பிறகு கடலுக்குத் திரும்பும். உப்பும் நன்னீரும் கலக்கும் விகிதமும், அது மாறும் காலமும் அதற்கு முக்கியம். கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை மூடிவிடும். மாரி வெள்ளம் வந்து முட்டித் திறக்கும், அல்லது நாங்கள் பெக்கோ இயந்திரம் கொண்டு வெட்டுவோம். வெட்டும் நாள் பற்றி ஒவ்வொரு வருடமும் இழுபறிதான். வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார், மீன்பிடிக்கிறவர் இறால் பருக்கட்டும், இன்னும் சில நாள் பொறு என்பார். நானே வயல்காரர் பக்கம் நின்று கத்தியிருக்கிறேன். மேலே வெள்ளத்தைப் பிடித்து வைத்தால் வாய் தானாகத் திறக்கும் பலம் குறையும். கோடையில் குளத்தைத் திறந்து சிறுபோகம் செய்தால், உப்பு ஏற வேண்டிய மாதத்தில் வயல்வடிச்சல் நன்னீர் வாவிக்குள் வரும், அதோடு பசளையும் களைநாசினியும் வரும். மாமாவின் வீச்சுவலை இறாலில் இருந்து திலாப்பியாவுக்கு மாறிவிடும். இரண்டின் விலையும் ஒன்றல்ல.

உப்புக்கு விலை போட எனக்குத் தெரிந்த ஒரே வழி, மாமாவும் அவருடைய நான்கு கூட்டாளிகளும் ஒரு வருடத்துக்குப் பிடிபட்டதைக் கொப்பியில் எழுதுவது. எழுதினார்கள். மாதவாரியாக இறால், நண்டு, மீன் என்று மூன்று நிரல், பக்கத்தில் கரைவிலை. ஆய்வு என்று சொல்ல முடியாது, ஐந்து தோணியின் கணக்கு. ஆனால் கூட்டத்தில் ‘மீன்பிடிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்று யாராவது சொல்லும்போது மேசையில் வைக்க ஒரு தாள் இருக்கிறது. திட்டம் பேசப்படும் காலத்திலேயே இதைத் தொடங்க வேண்டும். கட்டி முடிந்த பிறகு எழுதினால் முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

காசுக் கணக்கில் ஒரு சொல்லைக் கட்டாயம் விளங்கிக்கொள்ளுங்கள், கழிவு வீதம். எதிர்காலத்து ரூபாவை இன்றைய ரூபாவாக்கும் வீதம் அது. 10 வீதம் என்று எடுத்தால் 20 வருடம் கழித்து வரும் 100 ரூபா இன்றைக்கு ஏறத்தாழ 15 ரூபா. 50 வருடம் கழித்து வரும் 100 ரூபா ஒரு ரூபா கூட இல்லை, 85 சதம். 5 வீதம் என்றால் அதே 50 வருடத்து 100 ரூபா 8 ரூபா 70 சதம். பத்து மடங்கு வித்தியாசம். நெல் மூன்றாம் வருடத்திலேயே வந்துவிடும். வாவி சாகிறது என்றால் மெதுவாக, முப்பது நாற்பது வருடத்தில் சாகும். எங்கள் பேரப்பிள்ளைகளின் முழு வாவியையும் அந்த 10 வீதம் நூற்றுக்குச் சில ரூபாவுக்குள் அடக்கிவிடும். எந்த வீதம் போட்டீர்கள், குறைந்த வீதத்தில் முடிவு மாறுகிறதா என்று கேட்பது எங்கள் உரிமை.

கல்லோயா அணைத் திட்டத்தைப் பற்றி எழுதாமல் இங்கே இதைப் பேச முடியாது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து 1949இல் தொடங்கிய வேலை அது. அதில் உருவான நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 7,70,000 ஏக்கர் அடி. பிறகு கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் தலைமையில் ஒரு மதிப்பீட்டுக் குழு உட்கார்ந்து, 1970இல் வெளியான அறிக்கையில், போட்ட செலவுக்குக் கிடைத்த நன்மை குறைவு என்றது. இருபது வருடம் கழித்து, எல்லாம் கட்டி முடிந்த பிறகு! அதற்காகக் கல்லோயா வீண் என்று நான் சொல்லமாட்டேன். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லை நாங்களும் தின்றிருக்கிறோம். ஆனால் கடைக்கோடி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற முறைப்பாடு நீண்ட காலம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் இடதுகரையில் விவசாயிகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, வருடக்கணக்கில் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் விட்டபோது, தண்ணீர் குறைந்த போகத்திலும் கடைசி வயலுக்கு எட்டியது. புதிய அணையோடு ஒப்பிட்டால் அந்த வேலையின் செலவு மிகச் சிறியது. எந்தத் திட்ட அறிக்கையிலும் ‘மாற்று வழிகள்’ என்ற பகுதியை நான் முதலில் திறந்து பார்ப்பது இதனால்தான்.

கல்லோயாவில் தண்ணீரோடு குடியேற்றமும் வந்தது. 1956இல் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. இன்றைக்கும் பெரிய குளம் என்றதும் எங்கள் வயதானவர்கள் ‘புதுக் காணி ஆருக்கு?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காணிப் பங்கீடு அறிக்கையில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

சட்டத்தில் எங்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988இல் திருத்தி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கினார்கள். சிறிய நீர்ப்பாசன வேலைகள் தவிர்ந்த ஆற்றுப்படுகைத் திட்டங்கள் 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப் பட்டியலில் இருக்கின்றன. மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்ல 30 நாள். அந்த 30 நாளில் கொப்பி தொடங்கினால் ஒன்றும் நடக்காது, முன்பே எழுதியிருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அறிக்கையில் சுற்றாடல் செலவு நன்மைப் பகுப்பாய்வு இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், ‘அப்படி ஒன்று தயாரிக்கப்பட்டிருந்தால்’ என்ற கருத்தில் ஒரு நிபந்தனையையும் சேர்த்திருக்கிறது. அதாவது இல்லாமலும் போகலாம். நாங்கள் கேட்டால்தான் வரும்.

கடிதத்தைத் தமிழில், இலக்கமிட்டு, ஒரு பந்திக்கு ஒரு கேள்வியாக எழுதுங்கள். கோபத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு இலக்கத்துக்கு வாருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.

நான் என் பழைய ஆதரவுக் கடிதத்தை மீளப் பெறவில்லை. வெள்ளத்தில் நின்ற வீடு எங்களுடையது, எனக்கு இன்னும் மேலே ஒரு தடுப்பு வேண்டும். ஆனால் அதோடு இன்னொரு கடிதம் சேர்த்திருக்கிறேன். வெள்ளத்துக்கு ஒதுக்கும் இடத்தை இலக்கத்தில் சொல்ல வேண்டும், வடிச்சல் வாய்க்கால் முதல் வருடத்திலேயே வெட்டப்பட வேண்டும், மாற்று மேய்ச்சல் தரை தண்ணீர் ஏறும் முன்பே அளந்து கொடுக்கப்பட வேண்டும், முகத்துவாரம் வெட்டும் நாளை முடிவெடுக்கும் கூட்டத்தில் மீன்பிடிக்கிறவருக்கும் இடம் வேண்டும் என்று நாலு நிபந்தனை.

அனுப்புவதற்கு முன் அதைக் கரடியனாற்றுக்குக் கொண்டுபோய் அந்தப் பட்டிக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். மருதமரத்தடியில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ‘மாடு 110’ என்று வாசித்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கண்டுகள விட்டுட்டீங்க, தம்பி. இருபத்தாறு.”

பேனையை எடுத்துத் திருத்தினேன்.